பிரதியும் நம்பிக்கையும்: கணினிகளுக்கிடையே கோப்பு அனுப்பும் முறையின் வரலாறு குறித்து

ஓர் ஆவணத்தின் ஆயுள் அதன் பிரதி எங்கே இருக்கின்றது என்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது. வன்னிப் பெருநிலப்பரப்பின் கண்டாவளைப் பிரதேசம் இதற்குத் தக்க சான்றாகும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணி பெற்ற விவசாயியின் கையில் அனுமதிப்பத்திரம் இருந்தது. அதன் பதிவு அரச அலுவலகப் பேரேட்டில் இருந்தது. ஒன்று வீட்டில், மற்றையது அலுவலகத்தில் என்னும் இவ்வேற்பாடு அமைதிக் காலத்துக்குப் போதுமானதே. ஆயின் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பரந்தன், தருமபுரம் ஊடாகப் போர் நகர்ந்தபோது வீடும் அலுவலகமும் ஒருங்கே பெயர நேர்ந்தது. காணி ஆவணங்களை இழந்தோரின் சிக்கல், 2011இல் வெளிவந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையிலும் பேசப்பட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமையும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

ஆகவே பிரதி தொலைவில் இருத்தல் வேண்டும். இன்று தொலைவு என்பது வலையமைப்பில் இணைந்த மற்றொரு கணினியாகும். அங்கே பிரதியை அனுப்புவது எளிது. அது உரிய இடத்துக்கு, உரியவரால், மாற்றமின்றிச் சென்றதா என உறுதிசெய்வதே அரிது. இவ்வரிய பணியின் வரலாற்றையே நாம் ஈண்டு நோக்குகின்றோம்.

1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்திலிருந்து வெளிவந்த யுனிக்ஸ் பதிப்பில் ஆர்.சி.பி. என்னும் கட்டளை இடம்பெற்றது. ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குக் கோப்பைப் படியெடுப்பது இதன் பணி. நம்பத்தக்க கணினிகளின் பெயர்கள் ஒரு பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். அப்பெயரில் வருபவரிடம் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. கோப்பின் உள்ளடக்கமும் மறைகுறியின்றியே சென்றது. ஒருவரையொருவர் அறிந்த சிறு ஆய்வுக் குழுவுக்கு இம்முறை பொருந்தியது. வலையமைப்பு விரிந்தபோது பெயரை மட்டும் நம்புதல் ஆபத்தாயிற்று. 1988 நவம்பரில் பரவிய மொரிஸ் புழு இந்நம்பிக்கைப் பட்டியல்களையும் தன் வழியாகக் கொண்டது.

1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒற்றுக்கேட்கப்பட்டன. அங்கு ஆய்வாளராயிருந்த டாட்டு இலோனன் அதற்கு விடையாக எஸ்.எஸ்.எச். என்னும் முறையை உருவாக்கி, அவ்வாண்டு ஜூலையில் வெளியிட்டார். ஆர்.சி.பி.யின் இடத்தை எஸ்.சி.பி. பெற்றது. இதன் பின்னர் அனுப்பப்படுவது மறைகுறியாக்கப்பட்டது. தொலைக்கணினியும் தன் திறவுகோலைக் காட்டித் தன்னை நிறுவ வேண்டியதாயிற்று. பின்னைய பதிப்புகளின் உரிமக் கட்டுப்பாடுகள் இறுகவே, ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் கட்டற்ற பழைய பதிப்பொன்றை அடிப்படையாகக் கொண்டு 1999இல் ஓப்பன்எஸ்.எஸ்.எச். மென்பொருளை வெளியிட்டனர். பாதுகாப்புக் கருவி தனியுடைமையாகாது பொதுவுடைமையாக நின்றமைக்கு இக்கூட்டுழைப்பே காரணமாகும்.

எனினும் மறைகுறியாக்கம் மாத்திரம் போதாது. முதன்முறை தொடர்புகொள்ளும்போது தொலைக்கணினி காட்டும் திறவுகோல் உண்மையானதா என்று மனிதர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மென்பொருளைத் தொகுத்து உரிய கணினிக்கு அனுப்பும் பணியை மனிதர் அருகில் இன்றியே செய்விக்கும் ஆணைக்கோவைகள் பெருகியபோது இவ்வொப்பீடு கைவிடப்பட்டது. 2000இல் தனியாக வெளியிடப்பட்ட ஆன்ட் என்னும் கருவி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அதன் எஸ்.சி.பி. பணியில், அறியாத கணினியையும் நம்புக என்று கூறும் தெரிவு ஒன்று உண்டு. இயல்புநிலையில் அது மறுக்கப்பட்டே உள்ளது; கடவுச்சொல்லை ஆணைக்கோவையில் எழுதுதல் ஆபத்து என்றும் அதன் கையேடு எச்சரிக்கின்றது. ஆயினும் வேலை தடைப்படும்போது அத்தெரிவை மாற்றிவிடுதல் எளிய வழியாகின்றது. அவ்வாறு செய்யின், 1983இன் பட்டியலைவிடவும் தளர்ந்த நம்பிக்கைக்கே நாம் மீள்கின்றோம். பட்டியலிலாவது பெயர்கள் இருந்தன.

பழைய நம்பிக்கை கருவியினுள்ளும் நெடுநாள் எஞ்சியிருந்தது. ஆர்.சி.பி.யிடமிருந்து எஸ்.சி.பி. பெற்ற நெறிமுறையில், தொலைக்கணினி அனுப்பும் கோப்பின் பெயரைப் பெறும் கணினி போதிய சோதனையின்றி ஏற்றது. 2019இல் இக்குறை வெளிப்பட்டது. அந்நெறிமுறை காலங்கடந்தது என ஓப்பன்எஸ்.எஸ்.எச். குழுவினரே அறிவித்தனர். 2022இல் வெளிவந்த 9.0ஆம் பதிப்பில், எஸ்.சி.பி. என்னும் பெயர் நிலைக்க, உள்ளே இயல்பாக இயங்கும் நெறிமுறை எஸ்.எப்.டி.பி. ஆக மாறியது.

இவ்வரலாறு நமக்குச் சுட்டும் நடைமுறை தெளிவானது. தொலைக்கணினியின் திறவுகோலை வேறொரு வழியாக முன்கூட்டியே பெற்றுப் பதிந்துகொள்ளல் வேண்டும். ஆணைக்கோவைக்கெனக் குறுகிய அதிகாரமுடைய தனித் திறவுகோல் வழங்கப்படல் வேண்டும். சென்றடைந்த பிரதியை மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். ஓலைச்சுவடியைப் படியெடுத்தோரும் மூலத்துடன் ஒப்புநோக்கியே பிழை களைந்தனர் என்பதை இங்கு கருதலாம்.

2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலக முயற்சி, ஈழத்துத் தமிழ் நூல்களைப் பிரதியாக்கிப் பொதுவில் வைக்கும் வழியைக் காட்டியுள்ளது. கண்டாவளை விவசாயியின் காணிப் பத்திரமும் பாடசாலைப் பதிவேடும் எண்ணிமப் பிரதிகளாகத் தொலைவுக்குச் செல்லுமாயின், அப்பிரதியைத் திறக்கும் சாவி எவர் கையில், எவர் கண்காணிப்பில் இருக்கும் என்னும் வினா தொழில்நுட்ப வல்லுநருக்கு மட்டும் உரியதன்று. காணியை உழுபவருக்கும் அது உரியதாகும்.