மழையை மறிக்கப் போன ராக்கெட்டுகள்

கல்யாணத்தன்று மழை வந்தால் நாம் பந்தலை இழுத்துக் கட்டுவோம். மழையையே மறிக்க ராக்கெட் விட்ட கதை தெரியுமா?

2008 ஆகஸ்ட் 8. சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் ஒலிம்பிக் தொடக்க விழா. மைதானத்தின் நடுவே கூரை இல்லை. மேகமோ திரண்டு வருகிறது. மாலை 4 மணி முதல் இரவு 11.39 வரை, 21 இடங்களிலிருந்து 1,104 ராக்கெட்டுகள் சீறின.

அவை சுமந்தது வெள்ளி அயோடைடு. மேகத்தில் உறையாமல் மிதக்கும் குளிர்ந்த நீர்த்துளிகள் இந்தத் தூளைப் பற்றிப் பனிக்கட்டியாகும். கனத்து இறங்கி மழையாகும். 1946இல் அமெரிக்காவில் பெர்னார்ட் வானகட் கண்டறிந்த வழி இது. சீனாவில் வறட்சிக்கு மழை வரவழைக்கவும், ஆலங்கட்டி மழையிலிருந்து பயிரைக் காக்கவும் பயன்பட்டு வந்தது. உழவருக்கு உதவிய அதே வித்தையைத்தான் அன்று விழாவுக்கு எடுத்தார்கள். மைதானத்துக்கு வருமுன்னே வழியிலேயே பெய்துவிடட்டும் என்பது கணக்கு.

விழா நனையவில்லை. தென்மேற்கே பாவோடிங்கில் 100 மில்லிமீட்டர் கொட்டியது. எல்லாம் ராக்கெட்டின் வேலைதானா? விடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்னு அறுதியிட்டுச் சொல்ல வழியில்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். மேகம் இல்லாத வானத்தில் எந்த ராக்கெட்டும் மழையை உண்டாக்காது. ஆகவே, வருகிற மழையைப் பிடிக்க ஏரி குளத்தைத் தூர் வாருங்க, வரப்பை உயர்த்துங்க. நம்ம கையில் இருப்பது அதுதான்.