செசிலியம்மாள் திருநாளில் வந்த சட்டம்

கீபோர்டில் 'சர்ச் ஆர்கன்' என்றொரு பொத்தான் உண்டு. பல்லடம், திருப்பூர் வட்டாரத்துக் கோயில்களில் பாடும் எங்களுக்கு ஆர்கன் என்றால் அதுதான். ஆனால் அந்த ஒலிக்குச் சொந்தமான நிஜக் கருவி ஆளுயரத்தைத் தாண்டியது. ஒரு காற்றுப்பெட்டி, அதன்மேல் வரிசை வரிசையாகக் குழாய்கள். கட்டையை அழுத்தினால் குழாயின் அடியில் உள்ள அடைப்பு திறக்கும், காற்று ஏறும், குழாய் பாடும். ஏர்ஜெட் தறியில் காற்று ஊடை நூலைத் தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பிழைக்கப் போன தமிழர்களின் கதையோடு ஒட்டிய பைப் ஆர்கன் ஒன்று சிங்கப்பூரில் இருக்கிறது. 1847இல் திறக்கப்பட்ட நல்லாயன் பேராலயம், அத்தீவின் கத்தோலிக்கக் கோயில்களில் பழையது. பல திசையிலிருந்தும் வந்து சேர்ந்த குடியேறிகளின் கோயில். 1870இல் சீனருக்கும் இந்தியருக்குமாகப் புனித பேதுரு பவுல் கோயில் எழுந்தது. 1888இல் தமிழர்களுக்கு ஓஃபிர் சாலையில் லூர்து மாதா கோயில் வந்தது. பேராலயத்தின் மாடியில் இருக்கும் ஆர்கன் 1912ஐச் சேர்ந்தது, பெவிங்டன் என்ற ஆங்கிலேய நிறுவனம் செய்தது. பிற்காலத்தில் அதைச் செப்பனிட்டவர் ராபர்ட் நவரத்தினம். அந்தப் பெயரைப் படித்தபோது ஊர்க்காரரைப் பார்த்தது போல எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆனால் அந்த 1912ஐ விட்டு என்னால் நகர முடியவில்லை. அன்றைய தேதியில் அந்த மாடியில் பாடகியாக ஏறி நிற்க ஒரு பெண்ணுக்குச் சட்டப்படி இடமில்லை.

அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1903 நவம்பர் 22 அன்று, திருத்தந்தை பத்தாம் பயஸ் திருச்சபை இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். கோயிலில் பாடுவது ஒரு வழிபாட்டுப் பணி, அந்தப் பணிக்குப் பெண்கள் தகுதியற்றவர்கள், ஆகவே பாடகர் குழுவில் அவர்களைச் சேர்க்கக் கூடாது, மேல்தாயிக் குரல் வேண்டுமென்றால் சிறுவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் சாரம். நவம்பர் 22 யாருடைய திருநாள்? புனித செசிலியம்மாளுடையது. இசைக்குப் பாதுகாவலி. ஓவியங்களில் கையில் ஆர்கனோடு நிற்பவள்! படத்தில் அவள் வாசிக்கலாம், பலிபீடத்தின் மேலே தொங்கலாம். கீழே நிற்கும் அவள் பெயர்கொண்ட பெண்கள் குழுவில் பாடக் கூடாது.

அன்றைக்குக் கோவை மறைமாவட்டத்திலும் சிங்கப்பூரிலும் ஊழியம் செய்தவர்கள் ஒரே பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள்தான். ரோமிலிருந்து வந்த சட்டமும் இரண்டு இடத்துக்கும் ஒன்றே.

பெண் குரலை விலக்கிவிட்டு அந்தக் குரலை எங்கே போய்த் தேடினார்கள் என்பது இந்த வரலாற்றிலேயே கொடிய பகுதி. குரல் உடையாமலிருக்க, பருவம் வருமுன்பே விதையடிக்கப்பட்ட ஆண்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ரோமில் பாப்பரசரின் குழுவில் பாடியிருக்கிறார்கள். அவர்களில் கடைசியாளரான அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கி 1922 வரை உயிரோடிருந்தார். அவருடைய இசைத்தட்டுப் பதிவுகளை இன்றும் கேட்கலாம். நான் ஒருமுறை கேட்டேன், பாதியில் நிறுத்திவிட்டேன். பெண் பாடிவிடக் கூடாது என்பதற்காக ஒரு பையனின் உடம்பை அறுக்கத் துணிந்திருக்கிறார்கள்.

கதவு மெல்லத்தான் திறந்தது. 1955இல், சிறுவர் குழு கிடைக்காத இடங்களில் பெண்களும் பாடலாம், ஆனால் பீடத்தைச் சுற்றிய இடத்துக்கு வெளியே, ஆண்களைத் தொடாமல் தனியாக நின்று என்றார்கள். 1967இன் வழிகாட்டலில் பெண்கள் உள்ள குழுவுக்கு அனுமதி உண்டு. பீடத்துக்கு வெளியே என்ற நிபந்தனை மட்டும் அப்போதும் போகவில்லை.

இன்றைக்கு எங்கள் பக்கத்துக் குழுக்களில் பாதிக்கு மேல் பெண்கள்தான். வாரம் முழுக்க பனியன் கம்பெனியில் செக்கிங்கும் கைமடியும் பார்த்துவிட்டு, தென்மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய பெண்கள் ஞாயிறு காலைப் பூசைக்குப் பாட வந்து நிற்கிறார்கள். நான் பாடிய ஒரு குழுவில் கீபோர்டு வாசித்த பையனுக்கு மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். எங்களுக்கு ஆண்டுக்கொரு முறை பிரியாணி. "நீங்க ஆண்டவருக்காகப் பாடறீங்க" என்றார் குழுத் தலைவர். அவன் யாருக்காக வாசித்தான் என்று கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை.

ஆர்கனின் கதை பெண்ணை விலக்கித் தொடங்கவில்லை. கிறிஸ்துவுக்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பு அலெக்சாந்திரியாவில் நீரழுத்தத்தால் இயங்கும் முதல் ஆர்கனைச் செய்தவர் தெசிபியஸ். அதை வாசிக்க அவர் கற்றுக்கொடுத்தது தன் மனைவி தாயிஸுக்கு என்று பழைய கிரேக்க நூலொன்று சொல்கிறது.

திருப்பூர்க்காரியான எனக்கு இதைவிடப் பிடித்தது ஹங்கேரிக் கதை. இன்றைய புடாபெஸ்ட்டில், அக்வின்கும் என்ற ரோமானிய ஊரின் இடிபாடுகளில், 1931இல் ஓர் ஆர்கனின் பாகங்கள் கிடைத்தன. அதிலிருந்த வெண்கலத் தகடு, அது கி.பி. 228இல் ஒரு சங்கத்துக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்கிறது. எந்தச் சங்கம்? துணித் தொழிலாளர் சங்கம். ஒட்டுத்துணி தைப்பவர்கள், ஊரில் தீப்பிடித்தால் அணைக்கப் போகிறவர்களும் அவர்களே. கட்டிங் வேஸ்ட் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவள் இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பாள்?

அதே ஊரில் ஒரு கல்லறைக் கல்லும் கிடைத்திருக்கிறது. ஏலியா சபீனா என்ற பெண்ணுடையது. இருபத்தைந்து வயதும் மூன்று மாதமும் பதினான்கு நாளும் வாழ்ந்தவள். நல்ல குரல், நரம்பிசையும் தெரியும், மக்கள் கூடிய இடத்தில் நீர் ஆர்கன் வாசித்தவள், கலையில் கணவனை மிஞ்சியவள் என்று கல் அவளைப் பாராட்டுகிறது. கல்லை வைத்தவர் அந்தக் கணவர்தான். தம்மைப் பற்றி அவர் எழுதிக்கொண்டது ஒரு வரி: இரண்டாம் படைப்பிரிவில் சம்பளம் வாங்கும் ஆர்கன் கலைஞர். சபீனா என்ன சம்பளம் வாங்கினாள் என்று கல்லில் ஒன்றுமில்லை.