தனியாள் வீடியோ கேம்களில் உத்தி: மலைநிலம் கற்பிப்பது

தனியாள் வீடியோ கேம் என்பது எதிரே இன்னொரு மனிதப் போட்டியாளர் இல்லாமல், கணினி உருவாக்கிய உலகத்துக்குள் ஒருவர் மட்டும் ஆடும் ஆட்டம். பாத்திரமேற்பு கேமும் அதிரடி கேமும் இதன் இரு பெரும் வகைகள். முதல் வகையில் ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் திறன்களை வளர்த்து, தாம் எடுக்கும் முடிவுகளால் கதையை நகர்த்துகிறார். இரண்டாம் வகையில் கைவேகமும் சமயம் பார்த்துச் செயல்படுவதும் முன்னிற்கின்றன. இரண்டிலும் வெல்வதற்கு ஆடுபவர் வகுத்துக்கொள்ளும் வழிமுறையே உத்தி எனப்படுகிறது. எந்த ஆயுதம், எந்தத் திறன், எத்தனை புள்ளி என்ற கணக்காகவே உத்தியைப் பலர் விளக்குகிறார்கள். அந்த விளக்கம் போதாது. மனத்தில் நிலைக்கும் ஆட்டங்களில் உத்தி நிலத்திலிருந்து பிறக்கிறது. எந்த நிலத்தில், எந்தப் பொழுதில், எதைச் சுமந்துகொண்டு நிற்கிறோம் என்ற கேள்விதான் ஆடுபவரைச் சிந்திக்க வைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குக் கிளையான பழனி மலைத்தொடரையும் அதன் மேலுள்ள கொடைக்கானலையும் அளவுகோலாகக் கொண்டால் இது விளங்கும்.

நிலமும் தீர்மானமும்

மேற்குத் தொடர்ச்சி மலை உலகறிந்த அதிரடி கேம் ஒன்றில் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. அமெரிக்காவின் நாட்டி டாக் நிறுவனம் 2017 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-க்கு வெளியிட்ட ‘அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகசி’யில் குளோயி ஃபிரேசர், நடீன் ராஸ் என்ற இரு பெண்கள் விநாயகர் தந்தம் என்ற ஒய்சாள அரசின் புதையலைத் தேடி வருகிறார்கள். அதன் நான்காம் அத்தியாயத்தின் பெயரே மேற்குத் தொடர்ச்சி மலைதான். அதுவரை ஒரே தடத்தில் ஓடிய ஆட்டம் அங்கே பெரிய பள்ளத்தாக்காக விரிகிறது. ஆடுபவர் முதலில் ஒரு கோபுரத்தில் ஏறி நிலத்தைப் பார்க்கிறார். கண்ணில் பட்ட இடங்களைக் குளோயி வரைபடத்தில் குறித்துக்கொள்கிறாள். ஜீப்பை எந்தப் பக்கம் முதலில் திருப்புவது, எதிரிகளை நேரே தாக்குவதா, உயர்ந்த புல்லுக்குள் பதுங்கிப் போவதா என்பது ஆடுபவர் கையில் விடப்படுகிறது. சண்டை விதிகள் மாறவில்லை. நிலம் விரிந்ததால் மட்டுமே தீர்மானங்கள் பெருகின. அதே ஆண்டு நிண்டெண்டோ வெளியிட்ட ‘செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் ஏறக்குறைய எந்தப் பாறையிலும் ஏறலாம். ஆனால் ஏற ஏறத் தெம்பு குறையும், மழை பெய்தால் கை வழுக்கும். மழை நிற்கும்வரை காத்திருப்பதும் சுற்றுவழியைத் தேடுவதும் அங்கே உத்தியாகிவிடுகின்றன. 2019-இல் வந்த ‘டெத் ஸ்ட்ராண்டிங்’ சுமை தூக்கி நடப்பதையே ஆட்டத்தின் மையமாக்கியது. முதுகுச் சுமையின் எடை, சரிவின் செங்குத்து, ஆற்றின் ஆழம் ஆகியவற்றைக் கணக்கிடாமல் அதில் ஓர் அடியும் வைக்க முடியாது.

பழனி மலையின் கணக்கு

இந்த வடிவமைப்பாளர்கள் கற்பனையால் எட்டிய கணக்கைப் பழனி மலைத்தொடரின் மக்கள் வாழ்க்கையாகவே அறிந்திருக்கிறார்கள். சமவெளியிலிருந்து எழும் இந்தத் தொடரின் உச்சிகள் 2,500 மீட்டரைத் தாண்டுகின்றன. கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற ஊர்கள் கொண்ட கீழ்மலையில் காபியும் மிளகும் மலைவாழையும் விளைகின்றன. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போகும் மேல்மலையில் பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். உயரம் மாறினால் பயிர் மாறுகிறது, குளிர் மாறுகிறது, சுமக்கும் பொருளும் மாறுகிறது. கொடைக்கானலுக்குக் கீழே சரிவில் இருக்கும் வெள்ளகவி நீண்ட காலம் வாகனச் சாலை இல்லாத ஊர். வட்டக்கானல் பக்கமிருந்து இறங்கியோ கும்பக்கரைப் பக்கமிருந்து ஏறியோதான் அங்கே போக வேண்டியிருந்தது; அரிசி மூட்டையும் விளைபொருளும் குதிரை முதுகிலும் மனிதத் தலையிலும் சென்றன. மழை எப்போது இறங்கும், எவ்வளவு தூக்கலாம், எங்கே இளைப்பாறலாம் என்ற கேள்விகள் அந்தப் பாதையில் ஒவ்வொரு நடைக்கும் உண்டு. செங்குத்துப் பாறையில் கொடியைப் பற்றி இறங்கித் தேன் எடுக்கும் பளியர் பழங்குடியினரின் திறமையும் இப்படிப்பட்டதே. கைவலிமை அதில் ஒரு பகுதிதான். பாறையையும் பொழுதையும் தேனீக்களின் போக்கையும் அறிந்திருப்பது மீதி. கொடைக்கானல் தெருவுக்கே வந்துவிடும் காட்டுமாட்டை யாரும் எதிர்த்து நின்று வெல்வதில்லை. விலகி நிற்பது, அதற்கு வழிவிடுவது, பிறகு கடந்து போவது என்பதே அங்கே உத்தி. எதிர்ப்படும் உயிர்களையெல்லாம் வெட்டிச் சாய்த்துப் புள்ளி சேர்க்கும் கேம்களுக்கு இந்த நடத்தை ஒரு நல்ல மறுமொழி.

திணை தரும் சட்டகம்

நிலத்துக்கும் அனுபவத்துக்கும் உள்ள இந்தப் பிணைப்பைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே வகுத்துவிட்டது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அங்குள்ள விலங்கு, மரம், தொழில் போன்றவற்றைக் கருப்பொருள் என்றும், அவற்றோடு இயைந்த மன ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றும் பிரிக்கிறது. மலைநிலமான குறிஞ்சித் திணைக்குப் பொழுது நள்ளிரவு, ஒழுக்கம் புணர்தல். காதலர் இரவில் சந்திப்பதைச் சொல்லும் இரவுக்குறிப் பாடல்களில் தலைவன் நள்ளிரவில் காட்டாறும் யானையும் புலியும் உள்ள வழியைக் கடந்து வருகிறான்; அந்த வழியை நினைத்துத் தலைவி நடுங்குகிறாள். வழியின் அபாயத்தை எடுத்துவிட்டால் அந்த அன்பின் ஆழத்தை நாம் உணர வழியில்லை. தனியாள் கேமின் வடிவமைப்பும் இதே மூன்று அடுக்குகளால் ஆனது: வரைபடமும் பொழுதும், அவற்றில் கிடைக்கும் பொருளும் உயிரும், அவற்றால் ஆடுபவருக்கு உண்டாகும் நடத்தையும் உணர்வும். முதல் இரண்டும் வலுவாக இருந்தால் மூன்றாவது தானாகவே விளையும்.

மறுப்புகளும் விடைகளும்

பாத்திரமேற்பு கேமின் உயிர் எண்களில்தான் இருக்கிறது, நிலம் வெறும் பின்னணி என்பது முதல் மறுப்பு. திறன்களைக் கூட்டிக் கழித்துப் பாத்திரத்தைச் செதுக்குவதில் பெரும் இன்பம் உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் எண்களுக்குப் பேர்போன ‘பால்டர்ஸ் கேட் 3’ (2023) கூட மேட்டில் நிற்பவரின் தாக்குதலுக்குக் கூடுதல் மதிப்பு தருகிறது. விளிம்பில் நிற்கும் எதிரியைப் பள்ளத்தில் தள்ளவும் விடுகிறது. எண்களுக்குப் பொருள் கொடுப்பது அங்கேயும் நிலம்தான். மலையே இல்லாத சிறந்த தனியாள் கேம்கள் உண்டே என்பது இரண்டாம் மறுப்பு. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ இதற்குச் சரியான சான்று. 1980-களில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையான அது பெரும்பாலும் அடுக்களைக்குள் நடக்கிறது. 2024-இல் சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. ஆனால் அதில் அடுக்களையே நிலம். அம்மாவின் சமையல் குறிப்பேட்டில் கிழிந்தும் அழிந்தும் போன வரிகளைச் சமையல் பாத்திரங்களின் அமைப்பைக் கொண்டு ஆடுபவர் நிரப்புகிறார். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது அங்கே ஒரு புதிர். நிலம் என்பது மலை மட்டுமல்ல, விதிகளோடு கூடிய எந்த இடமும் என்பதையே இது காட்டுகிறது.

மூன்றாம் மறுப்பு கனமானது. கடினமான நிலம் புதியவர்களையும் உடல் வரம்பு உள்ளவர்களையும் விரட்டிவிடாதா? மலையேற்றத்தையே கதையாகக் கொண்ட ‘செலஸ்ட்’ (2018) இதற்கு விடை சொன்னது. மிகக் கடினமான அந்த ஆட்டத்தில் உதவி முறை ஒன்று உண்டு. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், தெம்பு குறையாதபடி வைத்துக்கொள்ளலாம். மலை அப்படியே இருக்கிறது, ஏறுபவருக்குக் கைத்தடி கிடைக்கிறது. நிலத்தைத் தட்டையாக்காமலேயே எல்லோரையும் ஏற்றிவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மதிப்பீடு

‘லாஸ்ட் லெகசி’யின் பள்ளத்தாக்கில் ஒரு பெரும் குறை இருக்கிறது: அங்கே வாழும் மக்கள் இல்லை. இடிபாடுகளும் கூலிப்படையினரும் நிறைந்த அந்த மலை ஒரு புதையல் களமாகவே சுருங்கிவிடுகிறது. பழனி மலையில் சோலைக்காடும் புல்வெளியும் இருக்கின்றன, புல்வெளியை விழுங்கிய சீகை மரமும் பைன் மரமும் இருக்கின்றன, 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியும் இருக்கிறது. இவற்றோடு பளியர்களும் பூண்டு விவசாயிகளும் குதிரைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய அறிவை ஆட்ட விதியாக மாற்றும்போதுதான் மலைநில கேம் முழுமை பெறும். தமிழ்நாட்டில் கேம் உருவாக்கக் கற்கும் இளைஞர்கள் ஆயுதப் பட்டியலைத் தயாரிப்பதற்கு முன்னால் ஒரு மலைப்பாதையில் சுமை தூக்குபவரோடு நடந்து பார்க்க வேண்டும். தங்கள் ஆட்டத்தின் முதல் விதியை அந்தப் பாதையிலிருந்தே எழுத வேண்டும்.