அன்னையாகி நின்ற நாயகி

கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. மொழிவழி மாநில அமைப்பில் மைசூர் மாநிலத்துடன் இணைந்தது. 1997இல் புதிதாக அமைந்த சாமராசநகர் மாவட்டத்துக்கு உரியதாயிற்று. ஆட்சி எல்லை மாறினும், தமிழும் கன்னடமும் ஒரே தெருவில் வழங்கும் நிலை இங்கு மாறவில்லை. இவ்விரு மொழியினரும் தம்மவர் என்று உரிமை கொண்டாடத்தக்க கலைஞர் ஒருவரின் வரலாற்றை ஈண்டுக் காண்போம். அவர் பண்டரிபாய்.

அமெரிக்கத் திரையுலகம் துணைப்பாத்திரம் ஏற்போர்க்கு 1936ஆம் ஆண்டுப் படங்கள் தொட்டே தனிப் பரிசு வகுத்துவிட்டது. பியூலா பாண்டி என்னும் அம்மையார் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டுக்கு நான்கு படங்களில் தாயாக நடித்தே புகழ் பெற்றார். நம் நாட்டிலோ துணை நடிகைக்கான தேசிய விருது 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கிற்று. 'துணை நடிகை' என்ற சொல்லே கோடம்பாக்கத்தில் கூட்டத்தில் நிற்பவரைக் குறிக்கும் சொல்லாகத் தேய்ந்துவிட்டது. 'குணச்சித்திர நடிகை' என்ற கௌரவமான பெயரைப் பிற்பாடு தேடிக்கொண்டோம். பெயர் கிடைத்த அளவுக்கு மதிப்புக் கிடைத்ததா என்பது வேறு வினா.

பண்டரிபாய் வடகன்னடக் கடற்கரையிலுள்ள பட்கலில் பிறந்தவர். இளமையிலேயே அரிகதை நிகழ்த்திப் பழகியவர். 1943இல் வெளிவந்த 'வாணி' என்னும் கன்னடப் படத்தில் திரைக்கு வந்தார். தமிழ்மக்கள் அவரை நன்கறிந்தது 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில். சிவாஜி கணேசனின் முதற்படம் அது. அவர் ஏற்ற குணசேகரன் வேடத்துக்கு இணையான விமலாவாகப் பண்டரிபாய் நடித்தார். அனல் பறக்கும் வசனங்களுக்கிடையே அமைதியாகப் பேசி அவனை நல்வழிக்குத் திருப்பும் அப்பெண்ணின் நிதானம் இன்றும் நம் நினைவில் நிற்கிறது.

1954ஆம் ஆண்டே அவர் வாழ்வின் உச்சம் எனலாம். அவ்வாண்டு ஏப்ரலில் வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' வந்தது. பாட்டும் இல்லை, நடனமும் இல்லை. பகைநாட்டுக்கு உளவு சொல்லும் கணவன். நாட்டுப்பற்றுமிக்க மனைவி உஷா. முடிவில் அவன் சாவது அவள் கையிலிருந்த துப்பாக்கியால். கணவனே தெய்வம் என்று கண்ணீர் வடிக்கும் மனைவியரே திரையை நிறைத்திருந்த காலத்தில் இத்தகைய பாத்திரத்தை ஏற்கத் துணிவு வேண்டும். அவர் நடித்தவற்றுள் இதனையே நாம் தலையாயதாகக் கொள்வோம்.

மறுமாதமே கன்னடத்தில் 'பேடர கண்ணப்பா' வெளியாயிற்று. சேக்கிழார் பாடிய கண்ணப்பர் கதையே அது. ராஜ்குமார் அதில்தான் முதன்முதலாகக் கதாநாயகரானார். அவர் பிறந்தது பழைய கோவை மாவட்டத்துத் தாளவாடிப் பகுதியிலுள்ள காஜனூர். தந்தையார் சிங்காநல்லூர் புட்டசாமய்யா. அச்சிங்காநல்லூர் நம் கொள்ளேகால் வட்டத்து ஊரே. அந்த வேடனின் மனைவி நீலாவாக வந்தவர் பண்டரிபாய். ஆகவே தமிழிலும் கன்னடத்திலும் இரு பெருநடிகர்கள் முதன்முதலாகக் கதாநாயகரான படங்களில் அவரே துணைநின்றார். இப்பேறு வேறெவர்க்கு வாய்த்தது?

பின்னர்ப் படத்தயாரிப்பிலும் ஈடுபட்டார். 1957இல் வந்த 'ராயர சொசெ' குறிப்பிடத்தக்கது.

அறுபதுகளில் நிலை மாறுகிறது. 1965இல் 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் எம்.ஜி.ஆருக்குத் தமக்கை, 1968இல் 'குடியிருந்த கோயில்', 1969இல் 'அடிமைப் பெண்' இரண்டிலும் தாய். எம்.ஜி.ஆரோ அவரினும் பத்தாண்டுக்கு மேல் மூத்தவர்! நாயகர்க்கு நரை மறைக்கச் சாயம். நாயகிக்கோ நரைகாட்ட வெள்ளைப்பூச்சு. கலையின் நியதி என்று இதனை ஏற்க நம் மனம் ஒப்பவில்லை. வாணிபத்தின் நியதி என்பதே பொருந்தும். ஆண்டு ஏற ஏற நாயகிகள் புதியவர்களாயினர். நாயகர்கள் மட்டும் அப்படியே நின்றனர்.

எனினும் தமக்குக் கிடைத்ததைச் சிறுமையாக அவர் நடிக்கவில்லை. 1969இல் வந்து, ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பெற்ற 'தெய்வமகன்' அதற்குச் சான்று. மூன்று வேடங்களில் சிவாஜி. தந்தையாகிய சிவாஜிக்கு மனைவியும் மைந்தராகிய இரு சிவாஜிகளுக்குத் தாயும் பண்டரிபாய். தலைமகன் பிறந்தபோதே இறந்தான் என நம்பி வாழும் தாய் அவள். ஒரே முகத்தைக் கணவனாகவும் மகனாகவும் பார்க்கும்போது பார்வையை வேறுபடுத்திக் காட்டவேண்டும். அதை அவர் கண்களாலேயே செய்தார். துணை நடிகைக்குப் பரிசு தர அன்று ஒரு தேசிய விருதும் இல்லை. 1973இல் 'கௌரவம்' படத்தில் பாரிஸ்டரின் மனைவியாக மீண்டும் சிவாஜியுடன் இணைந்தார்.

1986இல் 'அனுராக அரளிது' வந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகட்கு முன் எவருக்கு மனைவியாக நடித்தாரோ, அந்த ராஜ்குமாருக்கே அதில் அவர் தாய். அக்கதை 1992இல் தமிழில் 'மன்னன்' ஆனபோது, ரஜினிகாந்தின் தாயாகவும் அவரையே அழைத்தனர். மகன் தோளில் சுமக்கும் அந்நோயாளித் தாயைக் கண்டு கைதட்டிய இளைஞருள், 'அந்த நாள்' உஷா இவரே என்று அறிந்தோர் எத்துணைப் பேர் இருந்திருப்பர்? 2003 ஜனவரி 29 அன்று பண்டரிபாய் காலமானார்.