மறதியிலிருந்து மீண்ட மர்மப் புதினம்

ஆங்கிலத்தின் முதல் துப்பறியும் புதினம் எதுவென வினவினால், வில்கி காலின்ஸ் 1868இல் வெளியிட்ட 'மூன்ஸ்டோன்' என்பதே நெடுங்காலம் விடையாக இருந்தது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே, 'ஒன்ஸ் எ வீக்' என்னும் இலண்டன் வார இதழில் 'நாட்டிங் ஹில் மர்மம்' தொடராக வந்து முடிந்துவிட்டது. 1865இல் சார்லஸ் ஃபீலிக்ஸ் என்ற புனைபெயரில் நூலாயிற்று, பின்னர் மறக்கப்பட்டது.

அது விந்தையான நூல். கதையை ஒருவர் நேரே சொல்லிச் செல்வதில்லை. கடிதங்கள், சாட்சியங்கள், நாட்குறிப்பு, இரசாயனச் சோதனை முடிவு, வீட்டின் வரைபடம் ஆகியவற்றைக் காப்பீட்டுப் புலனாய்வாளர் ஒருவர் அடுக்கி வைக்கிறார். உறக்கத்தில் நடந்து அமிலம் அருந்தி இறந்த மனைவி. அவள் உயிரின்மீது கணவராகிய பிரபு எடுத்திருந்த 25,000 பவுன் காப்பீடு. இடையே மெஸ்மரிசம் என்னும் வசியக் கலை. நடந்தது குற்றமா, தற்செயல்களின் தொடரா? புலனாய்வாளர் தீர்ப்புக் கூறாமலே விடைபெறுகிறார்.

வசியம் இன்று நகைப்பூட்டலாம். பலர் பாதியில் நூலை மூடக்கூடும். ஆயினும் ஆவணங்களை அடுக்கி வாசகரையே நீதிபதியாக்கிய அவ்வுத்தி முதுமை அடையவில்லை. விமரிசகர் ஜூலியன் சைமன்ஸ் 1972இல் இதனையே முதல் துப்பறியும் புதினம் என்றார். ஆசிரியர் சார்லஸ் வாரன் ஆடம்ஸ் என்பதற்கு 2011இல் சான்றுகள் வெளியாயின. 2012இல் பிரிட்டிஷ் நூலகம் மறுபதிப்புச் செய்தது. 1903இல் மறைந்த ஆடம்ஸ் இவற்றுள் எதனையும் கண்டாரில்லை.

ஒரு நூலைக் காலம் கைவிட்டது என்கிறோம். கைவிட்டவர் வாசகரே, மீட்டவரும் வாசகரே. புதியன போற்றும் நம் வட்டத்தார், பாதியில் மூடிவைத்த நூல் ஒன்றையேனும் இவ்வாண்டு மீண்டும் திறப்பாராக.