தூத்துக்குடி மாநகராட்சி

தூத்துக்குடி மாநகராட்சி என்பது தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்துள்ள ஒரு மாநகராட்சி ஆகும். 1866இல் நகராட்சியாகத் தொடங்கிய இது, 2008 ஆகஸ்டு 5 அன்று மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது.

பழைய நகரம் முத்துக்குளித்துறைக் கரையை ஒட்டி வளர்ந்ததாகும். அதன் வடபகுதியான திரேஸ்புரத்தில் நாட்டுப்படகு மீனவர்களும் சங்கு குளிப்போரும் வாழ்கின்றனர். முத்துக்குளிப்பு 1961உடன் நின்றது. அதன் பின்னர் வந்த தொழில்கள் பெரும்பாலும் நகராட்சி எல்லைக்கு வெளியே அமைந்தன. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட புதிய துறைமுகம் நகருக்குத் தெற்கே உருவானது. ஸ்பிக் உர ஆலை முத்தையாபுரத்தை அடுத்தும், சிப்காட் தொழிற்பேட்டை மீளவிட்டான் பக்கமும் அமைந்தன. நகரம் ஊராட்சிகளின் நிலத்தில் வளர்ந்தது எனலாம்.

இணைப்பு

மீளவிட்டான், சங்கரப்பேரி, தூத்துக்குடி ஊரகம், முத்தையாபுரம், அத்திமரப்பட்டி ஆகிய ஐந்து ஊராட்சிகள் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. இதனால் 13.47 ச.கி.மீ. ஆக இருந்த பரப்பளவு 90.66 ச.கி.மீ. ஆனது. வந்து சேர்ந்த ஊர்களின் பரப்பே பழைய நகரத்தைவிடப் பன்மடங்கு பெரிது என்பது குறிப்பிடத்தக்கது. 2011 உள்ளாட்சித் தேர்தல் 60 வார்டுகளுக்கு நடைபெற்றது.

ஊராட்சித் தலைவர் பதவியும் கிராம சபையும் இவ்வூர்களில் இல்லாமற்போயின. ஊரக வேலை உறுதித் திட்டமும் மாநகராட்சிப் பகுதிக்குப் பொருந்தவில்லை. கோரம்பள்ளம் குளத்துப் பாசனத்தை நம்பியுள்ள அத்திமரப்பட்டியில் இன்றும் வேளாண்மை நடைபெறுகிறது. மீளவிட்டானின் பெயர் அங்குள்ள தொடர்வண்டி நிலையத்திலும் வழங்குகிறது.