சிறு விமானங்களுக்குச் சிக்கனமான கொட்டகை: எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

விமானக் கழகம் ஒன்றின் பெரிய செலவுகளில், விமானத்தை நிறுத்தி வைக்கும் கொட்டகையும் ஒன்று. அந்தச் செலவு கடைசியில் பயிற்சிக்கு வரும் மாணவரின் கட்டணத்தில்தான் ஏறும். விமானியாகும் ஆசையுள்ள தோட்டப்புறப் பிள்ளைக்கு அந்தக் கட்டணமே முதல் தடை.

கொட்டகை இல்லாமலும் முடியாது. நம் வெயிலில் சாயமும் கண்ணாடியும் கெடும். ஈரத்தில் உலோகம் அரிக்கும். வேகத்தைக் காட்டும் கருவிக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாயில் குளவி கூடு கட்டினால், விமானிக்குத் தவறான வேகம் தெரியும்.

பயிற்சிக்குப் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 விமானத்தின் இறக்கை அகலம் 11 மீட்டர், நீளம் சுமார் 8.3 மீட்டர், உயரம் சுமார் 2.7 மீட்டர். இறக்கைப் பக்கம் அகலம், வால் பக்கம் ஒடுக்கம். ஆகவே விமானங்களை எதிரும் புதிருமாக, வால்கள் ஒன்றுக்கொன்று இடைவெளியில் நுழையும்படி நிறுத்தினால் கூரையின் பரப்பு குறையும். முதல் மிச்சம் இதுதான்.

இரண்டாவது மிச்சம் கதவில். மேலே மடிந்து ஏறும் கதவுக்கு மோட்டாரும் வலுவான சட்டமும் வேண்டும். தண்டவாளத்தில் தள்ளும் கதவு மலிவு. ஆனால் ஒதுங்கி நிற்கப் பக்கத்தில் இடம் விட வேண்டும்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அடித்தளம். புயல்காற்றில் தகரக் கூரை பறப்பதைத் தோட்டத்தில் பார்க்காதவர் குறைவு. கதவு திறந்திருந்தால் உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். மேலே ஓடும் காற்றும் அதை உறிஞ்சித் தூக்கும். தூண்களைப் பிடித்து வைக்கக் கனமான காங்கிரீட் வேண்டும்.

நிலம் சொந்தமா என்பது இன்னொரு கேள்வி. 1929இல் கோலாலம்பூரில் தொடங்கிய கழகம், இன்றைய ராயல் சிலாங்கூர் விமானக் கழகம், நெடுங்காலம் சுங்கை பீசியில் இயங்கியது. 2018இல் அந்தத் தளம் மூடப்பட்டது. அங்கிருந்த விமானப்படைப் பிரிவுகளில் சில, மம்பாவுக்கு அருகிலுள்ள செண்டாயானுக்கு வந்தன. ஓடுபாதை போனால், அதன் ஓரத்தில் நிரந்தரமாகக் கட்டியதும் போய்விடும்.

இதற்கு வழி பழையது. 1936இல் பிரிட்டனில் வடிவமைத்த பெல்மன் கொட்டகை, ஒரே மாதிரியான இரும்புத் துண்டுகளைப் போல்ட்டால் முடுக்கி எழுப்புவது. கழற்றி வேறிடத்தில் மீண்டும் நிறுத்தலாம். சிறு கழகமும் அப்படிக் கட்டினால், இடம் மாறும்போது காங்கிரீட்டை மட்டும் விட்டுவிட்டு இரும்பையும் கூரையையும் கையோடு கொண்டுபோகலாம்.